படம் சேராத பலகை

எங்கள் அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் அண்ணி அண்ணிதான். என் சின்னண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் பேசுவதில் பாதியை அவள் காதில் வாங்கியதில்லை, மீதிப் பாதிக்குப் பதில் சொன்னதில்லை. நாத்தனாரும் அண்ணியும் எவ்வளவு ஒற்றுமை என்று சொந்தத்தில் எல்லோருக்கும் பெருமை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அவள் ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறாள். நீளமான மேசையின் கடைசியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். முன்னால் ஒரு காந்த விரிப்பு. கழற்றிய திருகாணிகளை எந்தத் திருகாணி எந்த மூலையிலிருந்து வந்ததோ அதே மூலையில் வைப்பாள். வருகிற ஆட்கள் தண்ணீரில் விழவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். அவள் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ஈரத்தைக் காட்டுவாள், திட்ட மாட்டாள். "ஆளு சொல்றதைக் கேட்டுக்கணும், ஃபோன் சொல்றதை நம்பணும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவள் வாயைத் திறந்து சொன்ன சில விஷயங்களில் அதுவும் ஒன்று என்பதால் எனக்கு மறக்கவில்லை.

சின்னண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைதான் அவருக்கு ஆபீஸ். கிரீஸில் கை வைக்கிற வேலை என்றாலும் முகம் மழிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார். வாய் ஓயாது. ஒரு நாள் அந்த உச்சியறையில் வைத்தே பக்கவாதம் வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் அவர் பழுது பார்த்த லிஃப்டிலேயே இறக்கிக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கை போனது, பேச்சு போனது. ஒரு சொல் இல்லை. "ம்" கூட இல்லை. புத்தி இருக்கிறதா, இல்லையா? அதுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே கேள்வி. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு படப் பலகை கொடுத்தார்கள். தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி. விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பேசிய மனுஷனுக்கு நாலு படம் போதுமா?

அண்ணி கடையில் யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பழைய டேப்லெட் ஒன்றை எடுத்துப் புது பேட்டரி போட்டாள். அதில் இப்போதைய செயலிகள் எதுவும் ஏறவில்லை. சரி, நானே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பழைய கருவிக்கு ஆப்ஜெக்டிவ்-சி என்ற பழைய மொழிதான் தோதாம். கடை அலமாரியில் அதற்கு ஒரு தடிப் புத்தகமும், மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தன. முதலாளி, வேலை நேரம் முடிந்ததும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார்.

அவளுக்குக் கருவியின் உள்ளே இருக்கிற தகடு, கம்பி எல்லாம் அத்துப்படி. புரோகிராம் புதுசு. படங்களையெல்லாம் ஒரு பட்டியலில் வைக்க வேண்டும். அந்த மொழியில் அதற்கு அரே என்று பேர். இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். மற்றொன்றில் பிறகு சேர்க்கலாம், எடுக்கலாம். அதை மியூட்டபிள் அரே என்கிறார்கள். அண்ணிக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அதுதான் அவளை ஆட்டி வைத்தது.

முதலில் ஆஸ்பத்திரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு பட்டியல் செய்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஊசிப் படத்தை வீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தால் ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் காணோம். பார்த்தால், அவள் நகல் எடுக்கவே இல்லை. இருந்த ஒரே பட்டியலுக்கு இரண்டு பேர் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் அண்ணன் தொடாத படங்களைக் கழிக்கப் பார்த்தாள். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும்போது நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் செயலி அப்படியே செத்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வைக்கக் கூடாதாம். சரி என்று வரிசை எண் போட்டு எடுத்தாள். இப்போது சாகவில்லை, ஆனால் ஒன்றை எடுத்ததும் பின்னால் இருப்பது ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடுவதால், அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். எனிமா டப்பாவின் படமும் எங்கள் பெரியண்ணன் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் சின்னண்ணன் தொட்டதே இல்லை. அண்ணி அழித்தாள். எனிமா போய்விட்டது, பெரியண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, நிஜத்துலயும் அவரு அப்படித்தான்" என்றேன். அவள் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு கடைசியிலிருந்து முன்னால் எண்ணி வந்து அந்தத் தப்பைத் திருத்தினாள். பெரியண்ணன் படத்தை மட்டும் மரியாதைக்காகத் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

ஒவ்வொரு படத்துக்கும் அவளே குரல் கொடுத்திருந்தாள். அண்ணன் படத்தைத் தொட்டால் அண்ணியின் குரல் "ஃபேனைக் குறைங்க" என்று சொல்லும். அண்ணனின் கருத்த பெரிய உடம்பிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது முதலில் விநோதமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அண்ணன் தொட்டார். சரியாகத்தான் தொட்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா அதோடு விடவில்லை. "இருக்கிற படத்தைத் தொடறது பழக்கத்துல வந்துடும். புதுசா ஒண்ணை அவரே சேர்க்கணும். அப்பத்தான் யோசிக்கிறார்னு நான் எழுதித் தர முடியும்" என்றார். எழுதித் தந்தால்தான் ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் கையை விரித்துவிடுவார்கள்.

அண்ணி அதற்கும் வழி செய்தாள். இடது கையால் படம் எடுத்து, சேமி என்ற பொத்தானை அழுத்தினால் டிங் என்று ஒரு சத்தம். படம் பலகையில் வந்து உட்கார வேண்டும்; பிறகு யாராவது அதற்குக் குரல் கொடுத்துவிடலாம்.

அண்ணன் படம் எடுத்தார். அழுத்தினார். டிங் என்றது. படம் வரவில்லை. மறுபடி எடுத்தார், அழுத்தினார், டிங். பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். ரத்து என்ற பொத்தான் பக்கத்தில் இருந்ததால் கை தவறி அதை அழுத்துகிறார் என்று அண்ணி நினைத்தாள். சேமியைப் பெரிதாக்கினாள், பச்சையாக்கினாள், ரத்தை ஒரு கோடிக்குத் தள்ளினாள். அப்போதும் அதே கதைதான். சில வாரங்கள் போயின. ஒருநாள் அவர் டேப்லெட்டைச் சுவரோடு வீசினார். அதன் பிறகு பழைய படங்களையும் தொடவில்லை. எதைக் கேட்டாலும் கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தார்.

பயிற்சி அம்மா எழுதித் தந்தார்: புதிதாகக் கற்கும் நிலையில் இல்லை. பெரியண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயும் வேலைக்குப் போகணும்மா. அவனுக்கே தெரியாதப்போ எங்க இருந்தா என்ன? நல்லா பார்த்துக்கற இடமா நானே பார்த்துட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை அவர். முடிவெடுக்கிற வேலையை யாரும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளாததால் எல்லாவற்றுக்கும் அவரே முடிவெடுத்துப் பழகிவிட்டார்.  நான் அண்ணி சார்பில் கத்தினேன். கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அண்ணனைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். காரிலிருந்து இறங்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மேசையில் டேப்லெட் கிடந்தது, ஒரு மூலை நொறுங்கி. சும்மா இருக்கிற கை எனக்குக் கிடையாது. பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையைப் படம் எடுத்துச் சேமியை அழுத்தினேன். டிங். பலகையைப் பார்த்தேன். கோப்பை இல்லை. மறுபடி அழுத்தினேன். டிங். இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணி! எனக்கும் மூளை போயிடுச்சா? நானும் அமுக்கறேன், எதுவும் வரல!"

ஈரக் கையோடு வந்தாள். "பச்சைப் பொத்தானையா?"

"பச்சை எனக்குத் தெரியாதா? நீங்களே பாருங்க."

அவளே எடுத்தாள், அவளே அழுத்தினாள். டிங். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பொத்தானை அவள் ஒரு நாளும் தானே அழுத்திப் பார்த்ததில்லை. அவள் சேர்த்த படங்களையெல்லாம் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே சேர்த்திருந்தாள். அந்தப் பொத்தான் அண்ணனுக்கென்று செய்தது. அதை அண்ணன் மட்டும்தான் அழுத்தியிருக்கிறார்.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஈரப் புடவையோடு கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கம்ப்யூட்டர் திரையில் அவள் விரல் ஓர் இடத்தில் நின்றது. புதுப் படங்களுக்கென்று ஒரு தனிப் பட்டியலுக்குப் பேர் வைத்திருக்கிறாள். அந்தப் பட்டியலை உண்டாக்கச் சொல்லும் வரியை எழுத மறந்துவிட்டாள். பேர் இருக்கிறது, பட்டியல் இல்லை. இல்லாத ஒன்றிடம் இந்தப் படத்தை வைத்துக்கொள் என்று சொன்னால் அந்த மொழி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதாம். செயலி சாகாது, எச்சரிக்கை வராது. கம்மென்று அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி, டிங்.

"அன்னிக்கு மாதிரி செத்து விழுந்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றாள். "தப்பு பண்ணினா கத்தும்னு நெனச்சேன்."

ஆனால் எடுக்கிற படத்தையெல்லாம் டேப்லெட்டின் ஆல்பத்திலும் போட்டு வைக்கும் வரியைப் புத்தகத்தில் இருந்தபடியே எழுதியிருந்தாள். திறந்தோம். அண்ணன் எடுத்தவை அத்தனையும் அங்கே இருந்தன. முதலில் கோணலாக, கலங்கலாக. போகப் போகக் கை பழகித் தெளிவாக. எல்லாம் ஒரே பொருள். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த அவருடைய ரேஸர். குளியலறைக்குப் போகும்போதெல்லாம் டேப்லெட்டையும் எடுத்துப் போவார்; என்ன எடுக்கிறார் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு முகம் மழிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாடியோடு கிடக்கட்டும், இப்போது அதுவா முக்கியம் என்று விட்டுவிட்டோம். அவர் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அண்ணி அழுதாள். கடையில், மேசைக்கு முன்னால், சத்தம் போட்டு. "கருவி சொன்னதை நம்பினேன். இவர் சொன்னதைக் கேக்கவே இல்லையே" என்றாள். எனக்குத் தேற்றத் தெரியவில்லை. நானும் அழுதேன்.

ஒரே ஒரு வரி. அதை எழுதி, டேப்லெட்டில் ஏற்றி, இந்த முறை கடையில் இருந்த ஒரு தேநீர்க் கோப்பையைப் படம் எடுத்துத் தானே அழுத்திப் பார்த்தாள். கோப்பை வந்து உட்கார்ந்தது. அதை அழித்துவிட்டு எழுந்தாள். வீட்டிலிருந்து அவருடைய ரேஸரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் பெரியண்ணனுக்கு ஃபோன் போட்டு, நேராக இல்லத்துக்கு வரச் சொன்னேன்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி முதலில் டேப்லெட்டை வெளியே எடுக்கவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்தாள், சோப்பை நுரைத்தாள், துண்டைக் கழுத்தில் சுற்றி மழிக்கத் தொடங்கினாள். ரேஸர் பட்டதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் நுரைக்குள் இறங்கியது. பெரியண்ணன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் நடந்ததை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துவிட்டு அண்ணி டேப்லெட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"என்னங்க. உங்க மேல தப்பில்ல. நீங்க எல்லாம் சரியாத்தான் பண்ணினீங்க. வாங்கி வைக்க நான்தான் எதையும் வைக்கல. இப்ப வெச்சுட்டேன். ஒரே ஒரு தடவை பாருங்க, எனக்காக."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு இடது கையால் டேப்லெட்டைத் தூக்கி எதிரே பிடித்தார். எங்களில் யாரையோ எடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எங்களை எடுக்கவில்லை. பச்சையை அழுத்தினார். டிங். பலகையில் அந்த அறையின் கதவு வந்து உட்கார்ந்தது. அசையாமல் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பெரியண்ணனைப் பார்த்துக்கொண்டே அதைத் தொட்டார். மறுபடி தொட்டார். குரல் இல்லாததால் சத்தம் வரவில்லை.

"காத்தாட வெளிய போகணுமாடா?" என்றார் பெரியண்ணன். அண்ணன் தலையை ஆட்டினார், இல்லை என்று. கதவைத் தொட்டார்.

அண்ணி டேப்லெட்டை வாங்கிப் பெரியண்ணன் வாய்க்கு நேராக நீட்டினாள். "அதுக்கு இன்னும் குரல் கொடுக்கல மாமா. அவர் என்ன சொல்றார்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்க, பதிவாகட்டும்."

 பெரியண்ணன் டேப்லெட்டுக்குக் குனிந்து சொன்னார்: "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." முடிவதற்குள் குரல் உடைந்து, கடைசியில் ஒரு விசும்பலும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

அன்று மாலையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பயிற்சி, மருந்து, பராமரிப்பு எதுவும் எளிதாகிவிடவில்லை. பேச்சு திரும்பவே இல்லை. ஆனால் இப்போதும் ஆஸ்பத்திரியில் காத்திருந்து சலித்துவிட்டால் அண்ணன் அந்தக் கதவைத் தொடுவார். கூட்டத்துக்கு நடுவில் பெரியண்ணனின் அழுகைக் குரல் எழும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சரியாக வேறு குரல் பதிந்து தருகிறேன் என்று அண்ணி ஒருமுறை கை நீட்டினாள். அண்ணன் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று தலையாட்டினார்.