மூன்றாம் மாடி அம்மாவின் பால்மாவு டின்கள்

யாரும் கேட்காமலே உதவப் போய் அசடு வழிவது என் பிறவிக் குணம். எண்பதுகளில் ஒரு காலை, சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மூன்றாம் மாடி அம்மா கல் பெஞ்சிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். ஒல்லி உடம்பு, நெற்றி நிறைய விபூதி, இரு கைகளிலும் மணல் நிரப்பிய பால்மாவு டின்கள். எழ முடியாமல் தவிக்கிறார் என்று ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

"விடுங்கண்ணே. எக்சர்சைஸ் லா இது. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க."

போன தைப்பூசத்தில் பாதி வழியில் கால் தளர்ந்து, அவருடைய பால்குடத்தை மருமகள் சுமக்க வேண்டியதாயிற்றாம். "இந்த வருஷம் நானே கொண்டுபோய்ச் சேக்கணும்."

"மணல் வியாபாரம் எப்படிம்மா?" என்று தினமும் கிண்டலடிப்பேன். மறுநாள் டின்னில் மணல்தான் கூடியிருக்கும்.

தைப்பூசத்தன்று, விழுந்தால் பிடிக்கலாமே என்று பின்னாலேயே நடந்தேன். எனக்கும் அவர் வயதுதான். டேங்க் ரோடு கோயில் வாசலில் மூச்சு வாங்கி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிறைகுடத்தோடு நிமிர்ந்து உள்ளே போனார். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி வெளியே வந்தார்.

எழப் பார்த்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. "கொஞ்சம் கை குடுங்கம்மா," என்றேன்.

"தானா எழுந்திரிங்கண்ணே."