ஊசி அக்காவின் முதல் பூசணி

ஆண் பூவின் இதழ்களை உரித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டை மட்டும் பெண் பூவுக்குள் விட்டுத் துழாவுகிறார் ஊசி அக்கா. மணி காலை ஆறரை. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். "ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பூவுக்குச் சமாதானம் வேறு. இருபத்தெட்டு வருடம் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்தவர். வாய் சும்மா இருக்குமா?

நாலாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி. பழைய பெயின்ட் வாளிகளில் வெள்ளரி, இரண்டு டிரம்களில் பூசணி. தண்ணீர் வேருக்குத்தான்; இலை நனைந்தபடியே கிடந்தால் நோய் வந்துவிடுமாம். வெள்ளரியை அன்றன்றைக்குப் பிஞ்சிலேயே பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். "முத்த விட்டா, வந்த வேலை முடிஞ்சுதுன்னு கொடி காலை நீட்டிரும், எங்க வீட்டுக்காரரு மாதிரி." வீட்டுக்காரரோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, பூசணிக்கு ரத்த குரூப் பார்த்தாயிற்றா என்று கேட்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அக்காவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. தைராய்டு பார்க்க வரும் தையற்கடைக்காரருக்கு ஒருநாள் இரண்டு முறை குத்தியும் நரம்பு சிக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த மனிதரோ மறு கைச் சட்டையை மடித்துவிட்டு நீட்டினார். "இந்தக் கையில பாருங்கம்மா. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

நரம்பு கிடைத்தது. அன்று மாலையே அக்கா வேலையை விட்டுவிட்டார். என் மானத்தைக் காப்பாற்றிய மனுஷன், அவருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், மாடியில் விதை போட்டதும் முதல் பூசணி அவருக்குத்தான் என்று முடிவு கட்டினார்.

பூசணி பிடிகொடுத்தால்தானே! அந்த உயரத்துக்குத் தேனீ வரவில்லை. ஏழு பிஞ்சுகள் எலுமிச்சை அளவில் மஞ்சளித்து உதிர்ந்தன. தன் கையை நம்பாமல் கணவரை மகரந்தம் தொட்டுவைக்கச் சொன்னார். அவர் பட்டும் படாமலும் தொட்டதில் இன்னும் இரண்டு போயின. போதும்டா சாமி என்று அடுத்த பூவுக்கு அக்காவே இறங்கினார். கை ஆடிய ஆட்டத்தில் மகரந்தம் பூ முழுக்க அப்பிக்கொண்டது. காய் பிடித்தது. "நடுங்குறதுக்கும் ஒரு வேலை வச்சிருக்கு பாரேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். கணவரின் பழைய பனியனைக் கிழித்துக் காய்க்குத் தூளி கட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூசணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தையற்கடைக்குள் நுழைந்தார். ஐந்து கிலோ இருக்கும். கடைக்காரருக்கு அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்குப் போயா என்று கூச்சப்பட்டார்.

"கனமா இருக்குமே, மேசையில வச்சிருங்கம்மா."

அக்கா குனிந்து தன் கையைப் பார்த்தார். அவ்வளவு பாரத்துக்கு அடியில் அது ஆடாமல் அசையாமல் இருந்தது.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார்.