மீன் சாப்பிடாத சர்வர்

சர்வர் வேலையில் தட்டை ஏந்துவது நம் கை, ருசி எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. இந்த விதியை என்னைவிடக் கறாராகக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்க முடியாது. திருச்சியில் கூட்டம் அலைமோதும் ஒரு கடல் உணவு ஹோட்டலில் ஒன்றரை வருஷமாக மீன் பரிமாறுகிறேன். பிறந்ததும் குடியிருப்பதும் ஸ்ரீரங்கத்தில். மீனை நாக்கில் வைத்ததே இல்லை. முன்பு வேலை பார்த்த சைவ ஹோட்டலை மூடிவிட்டார்கள். கிடைத்தது இது. நான் இன்னும் ஏதோ சைவ ஹோட்டலில்தான் இருப்பதாக வீட்டில் நினைப்பு. குடியிருப்பதோ மாமனார் வீட்டு மாடியில். விஷயம் தெரிந்தால் மாடி போய்விடும். அதைவிட, என் மனைவி வைதேகியின் முகத்தில் எப்படி விழிப்பது? வீட்டில் ஒன்றை மறைத்துவிட்டுச் சோறு இறங்காமல் தவிக்கும் சகபாடிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ருசி சொன்ன கதை

துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். மெனு கார்டில் 'பிஷ் அண்ட் சிப்ஸ்' மேல் விரலை வைத்து, இது எப்படி இருக்கும் என்று கேட்டார். "மாவுல தோய்ச்சுப் பொரிச்ச மீனுங்க, பக்கத்துல உருளைக்கிழங்கு வறுவல். மேல மொறுமொறுன்னு உடையும், உள்ள வெள்ளையா ஆவி வரும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு முதல் வாய் வச்சவங்க கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க, ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே கண் செருகியது. எல்லாம் சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

"நீங்கன்னா எத்தனை துண்டு சாப்பிடுவீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தொட்டதே இல்லை என்று சொல்லிவிட்டேன். கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பிடாதவரே இப்படிச் சொல்றாருன்னா, ரெண்டு பிளேட்டாவே கொண்டாங்க."

மூன்று மணி

மதியக் கூட்டம் வடிந்து மூன்று மணி ஆனால் ஹால் வேறு ஏதோ இடமாகிவிடும். நீலச் சுவரில் வெயில் மெல்ல நகரும். அடுப்படியில் எண்ணெய் சலசலப்பது தூரத்து மழை மாதிரிக் கேட்கும். தூணில் சாய்ந்தபடி நான் கடலுக்குப் போய்விடுவேன். கடலை ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அது போதும். நான் படகில் இருப்பேன், கரையில் வைதேகி நிற்பாள். "எங்கே வேலை பார்க்கறேள்?" என்பாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பேன். அதற்குள் யாராவது தண்ணீர் கேட்பார்கள்.

ஒரு நாள் வாய்விட்டே முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. சமையல் மாஸ்டர் ஜப்பார் பாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கனவுல வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் சாமி? முழிச்சிருக்கிறப்ப சொல்லுங்க."

படித்துறையில் கிடைத்த புகழ்

ஐந்து மணிக்கு வேலை முடியும்போது சட்டை, தலைமுடி எல்லாம் பொரித்த மீன் வாடை. அப்படியே வீட்டுக்குப் போக முடியுமா? தினமும் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டு, பையில் இருக்கும் வேட்டியை மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவேன். சாயங்காலக் காவிரி ஆளை மயக்கிவிடும். யாரோ விட்ட விளக்கு ஒன்று மெதுவாக மிதந்து போகும். பொய் சொல்லாத ஒரு ஊர் கீழே எங்காவது இருக்கும், அப்படியே மிதந்து போய்விடலாம் என்று தோன்றும்.

தெருவில் இதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டு மாமா ஒருநாள் வைதேகியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எனக்குக் காது கூசியது. அவர் சொன்னது இதுதான்: "சாயங்கால ஸ்நானம் பண்ணாம ஆத்துக்குள்ள அடியெடுத்து வைக்க மாட்டேங்கறார். உன் ஆத்துக்காரர் மகான்டி குழந்தே!"

பதினோரு பேர் மேஜை

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பதினோரு டீச்சர்கள் வந்தார்கள், தலைமை ஆசிரியைக்கு ஓய்வு பெறும் விருந்து. ஆர்டர் எடுக்கப் பேடும் பேனாவுமாகப் போய் நின்றேன். கடைசி நாற்காலியில் வைதேகி. அவளும் டீச்சர்தான். காலையில் "ஹெச்.எம்.முக்கு ஏதோ பார்ட்டி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். என் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் பயம்.

தலைமை ஆசிரியை, "வஞ்சிரம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. மாடி வீடு, மாமனார், எல்லாம் தலைக்குள் சுற்றியது. மேஜையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைதேகி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவர் என் ஆத்துக்காரர்தான். எது நன்னா இருக்கும்னு அவரையே கேளுங்கோ, சரியாச் சொல்வார்."

பாலத்தில்

மற்றவர்கள் போன பிறகும் ஒரு லெமன் சோடாவை வைத்துக்கொண்டு ஐந்து மணி வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டரில் வரும்போது காவிரிப் பாலத்தில் நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்று தெரியாதபடி கண்ணைக் கூசவைக்கும் சாய்வெயில். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எந்த ஹோட்டல்னு இன்னிக்குத்தான் தெரியும். பழைய ஹோட்டல்ல இருந்தப்போ சாப்பிட்டுட்டு வருவேள். இப்போ ஒண்ணரை வருஷமா பசியோட வரேள். ஹோட்டல்ல வேலை பார்க்கறவருக்கு அங்க சாப்பிட ஒண்ணுமே இல்லைன்னா, அது என்ன ஹோட்டல்னு எனக்குத் தெரியாதா? அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நாளைலேர்ந்து டப்பாவுல தயிர்சாதம் கட்டித் தரேன், எடுத்துண்டு போங்கோ."

ஊரார் பசியை முகம் பார்த்தே கண்டுபிடித்துப் பரிமாறுகிற எனக்கு, என் பசியைத் தினமும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை என்பதுதான் என் ஒன்றரை வருஷ சர்வீஸின் லட்சணம்.