ரெண்டு பத்தாது, நாலு வேணும்

ரத்த வங்கியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வைத்த பேர் ஜோசியக்கா. எந்த ஆபரேஷனுக்கு எத்தனை பை ரத்தம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். "ஜோசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன், அவ்வளவுதான்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெல்டர் ஒருவரின் மனைவி சீட்டோடு வந்து நின்றாள். கணவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய், புதன்கிழமை ஆபரேஷன். ஏ நெகட்டிவ், இரண்டு பை என்று எழுதியிருந்தது. அவள் கையிலிருந்த அறிக்கைகளையும் அக்கா வாங்கிப் படித்தார். ஹீமோகுளோபின் எட்டரை. கட்டி பதினொரு சென்டிமீட்டர். பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. அறுவை வார்டின் சின்ன டாக்டரைப் போனில் பிடித்தார்.

"சார், ரெண்டு பத்தாது. நாலு வேணும்."

"கிட்னி கேஸுக்கு எப்பவும் ரெண்டுதானேக்கா எழுதுவோம்?"

"எப்பவும் எழுதுறதை எழுதியிருக்கீங்க, இவருக்கு எழுதல. ஸ்கேனை ஒரு தடவை பாருங்க. கேட்டவுடனே கிடைக்கிற குரூப்பும் இல்ல இது."

அந்தப் பக்கம் காகிதம் புரண்டது. "சரிக்கா, நாலாவே போடுங்க. பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லிடுறேன்."

கையிருப்போ இரண்டே பை. அக்கா கொடையாளர் பட்டியலை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டார். ஒருவர் வெளியூர். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருத்தி, "மூணு மாசம்க்கா" என்று வெட்கத்தோடு சொல்ல, வாழ்த்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். மதியத்துக்குள் ஒரு பஸ் கண்டக்டரும் ஒரு கணக்கு டீச்சரும் வந்து கை நீட்டினார்கள். மறுநாள் பரிசோதனையெல்லாம் முடிந்து நாலு பையும் தயார்.

புதன்கிழமை பத்தரைக்கு முதல் பை போனது. பதினொன்றுக்கு இரண்டாவது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "மூணாவதை அனுப்புங்கக்கா, சீக்கிரம்!" என்று சின்ன டாக்டரின் குரல் பதறியது. அனுப்பிவிட்டு அக்கா போன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"முடிஞ்சுதுக்கா. கட்டி முழுசா வந்துடுச்சு, ரத்தமும் நின்னுடுச்சு. நாலாவது வேணாம். உங்க ஜோசியம் தப்பிடுச்சே!"

"நல்லா தப்பட்டும் சார்" என்றார். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனார்.

மாடி வராந்தாவில், டாக்டர் சொல்லிவிட்டுப் போன இடத்திலேயே வெல்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், நடுவில் சிரிப்பு.

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணி இறங்கலக்கா."

"எனக்கும்தான். வா, சாப்பிடலாம்."