மெத்தை போட்ட பணிமேசை

பெரிய மின்திரைகளை யாரும் ஒரே துண்டாகச் செய்வதில்லை. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்த அளவில் சதுர டைல்களாகச் செய்து, சுவரில் ஒன்றோடொன்று கோக்கிறார்கள். டைலின் முகப்பில் கடுகு கடுகாக எல்.இ.டி. விளக்குகள், முதுகில் ஒரு சாக்கெட். மின்சாரமும் படமும் நாடா போன்ற கேபிள் வழியாக அந்தச் சாக்கெட்டுக்கு வந்து, அடுத்த டைலுக்குப் போகின்றன. ஓர் இணைப்பு விட்டுப்போனால் அதற்கப்பால் உள்ள வரிசை முழுவதும் இருண்டுவிடும்.

எங்கள் தொழிற்கூடத்தில் அந்தக் கேபிளைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்துபவர்களில் மூத்தவரைக் ‘கிளிக் அக்கா’ என்று அழைத்தார்கள். கேபிள் சரியாக உட்காரும்போது எழும் மெல்லிய சத்தம், பக்கத்தில் காற்றடிக்கும் பொறி இரைந்துகொண்டிருந்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. அது கேட்கும்வரை அடுத்த டைலைத் தொடமாட்டார். சோதனைப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், அவர் மேசையிலிருந்து வரும் டைல்களைச் சோதிப்பதே வீண்வேலை என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த டைல்கள்தாம் பிறகு, சூட்டைத் தாங்குகின்றனவா என்று நாங்கள் எரியவிட்டுப் பார்க்கும் வெப்ப அறையில் அணையத் தொடங்கின. குளிர்ந்த நிலையில் நன்றாக எரியும். சூடேறியதும் கண்ணை மூடிக்கொள்ளும். வெளியே எடுத்துக் கேபிளை ஒருமுறை அழுத்தினால் மறுபடி எரியும். ஆகவே அழுத்தம் போதவில்லை என்று எல்லோரும் முடிவுகட்டினோம். அணைந்தவை அனைத்தும் ஒரே மேசையிலிருந்து வந்தவை.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அதனால் சுற்றிவளைத்துத்தான் சொன்னார்.

“அக்கா, வர்ற வாரத்துல இருந்து நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்க. சம்பளம் அதேதான். கைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.”

“சரி சார்,” என்றார் அக்கா. கை என்ற சொல் மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

அவருடைய அப்பா ஒரு மருத்துவமனையில் ஊசி போடும் பணியில் இருந்தவர். இதே வயதில்தான் அவருடைய வலக்கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு நோயாளிகள் அவரைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் சீட்டு எழுதும் சன்னலுக்கு மாற்றினார்கள். அங்கே எழுத்தும் ஆடியது. டைல்கள் அணையத் தொடங்கியது முதல் அக்கா யாருக்கும் சொல்லாமல் தம்மைச் சோதித்துவந்தார். மாலையில் வீடு திரும்பியதும் சன்னலோரம் நின்று ஊசியில் நூல் கோப்பார், உருவுவார், மறுபடி கோப்பார். நூல் ஒழுங்காகவே நுழைந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

வேன் ஓட்டும் கணவர் அதைக் கவனித்துவிட்டார்.

“ஏம்மா, தினமும் ஊசில நூல் கோக்குற. ஊருக்கே சட்டை தைக்கிற மாதிரி இருக்கு. என் சட்டைல ரெண்டாவது பட்டன் போய் எவ்வளவு நாளாச்சு தெரியுமா? பின்னு குத்திக்கிட்டுத் திரியறேன்.”

“தைக்கிறேன், தைக்கிறேன்.”

“நூல் கோக்குறதோட கடைய மூடிடுறியே!”

அவர் சிரித்தார். அக்கா ஊசியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தம் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மறுநாள் பணிக்கூடத்தில் அடுத்த மேசைப் பெண், வாயாடி என்று பெயரெடுத்தவள், அக்காவின் நாற்காலியருகே வந்து நின்றாள். அவளுக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. டைல்களைக் குப்புறப் போட்டு வேலை செய்யும்போது முகப்பு விளக்குகளில் கீறல் விழுகிறது என்று அக்கா அடம்பிடித்துக் கேட்டதால், தடித்த பஞ்சு விரிப்பு ஒன்று வந்திருந்தது. கிடங்கில் இருந்ததே அந்த ஒன்றுதான். அது அக்காவின் மேசைக்குப் போயிற்று.

“எங்க டைலெல்லாம் கட்டாந்தரைல தூங்குது, உங்களுது மட்டும் மெத்தைல. நீங்க பேக்கிங் போறதுக்குள்ள ஒரு நாளாவது நான் இங்க உக்காரணும். எந்திரிங்கக்கா!”

“உக்காருடி தாயே. மெத்தைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாத.”

அன்று முழுவதும் இருவரும் இடம் மாறி வேலை செய்தார்கள். மறுநாள் காலை வெப்ப அறைக் கதவைத் திறந்தபோது அக்கா பொருத்திய டைல்கள் ஒன்றுவிடாமல் எரிந்துகொண்டிருந்தன. வாயாடி பொருத்தியவற்றில் பல இருண்டு கிடந்தன.

“ஐயோ, எனக்கும் கை போச்சா?” என்று அவள் அலறினாள்.

மேற்பார்வையாளர் அணைந்த டைல் ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தார். கேபிள் சரியாகவே உட்கார்ந்திருந்தது. சாக்கெட்டின் காலைச் சர்க்யூட் போர்டோடு பிடித்திருந்த ஈயப்பற்றில்தான் மயிரிழை விரிசல். பிறகு எங்களை அழைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனார்.

“ஒரு கேபிள் போடுங்கக்கா. எப்பவும் போடுற மாதிரியே.”

அக்கா அழுத்தினார். கிளிக் கேட்டது. எங்கள் எல்லோருடைய பார்வையும் அன்று கட்டைவிரலில் இல்லை, விரிப்பில் இருந்தது. அழுத்தும் இடத்தில் பஞ்சு அமுங்க, டைலும் அதோடு குழிந்து மீண்டது. கட்டாந்தரை மேசைகளில் குழிய வழியில்லை. விரிப்பு வந்த நாள்முதல் இங்கே ஒவ்வொரு கிளிக்கும் ஈயப்பற்றை வளைத்திருக்கிறது. சூட்டில் விரிசல் வாய் திறந்திருக்கிறது. நாங்கள் அழுத்தியதும் வாய் மூடியிருக்கிறது.

“அப்போ என் கை?” என்றார் அக்கா.

“கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?”

அக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. “சண்டை போட்டு வாங்கின மெத்தை சார் இது! நானே என் தலைல போட்டுக்கிட்டேன்.”

“எனக்கு வேணாம்ப்பா, நான் கேக்கவே இல்ல,” என்று வாயாடி தன் மேசைக்கு ஓடினாள்.

பஞ்சு கிடங்குக்குத் திரும்பியது. பேக்கிங் மாற்றமும் கைவிடப்பட்டது. கீறல் பற்றி அக்கா சொன்னது உண்மை என்பதால், சாக்கெட்டுக்கு நேர் கீழே கெட்டியாகத் தாங்கும் பலகையும் அதன்மேல் மெல்லிய துணியும் எல்லா மேசைகளுக்கும் வந்தன. அதன் பிறகு அக்காவின் டைல்கள் அணையவில்லை.

விரிசலைக் கண்டுபிடித்த அன்று மாலை அவர் வீட்டில் நடந்ததை, மறுநாள் தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார். சன்னலோரம் போய் ஊசியை எடுத்திருக்கிறார். கணவர், “ஆரம்பிச்சாச்சா?” என்றாராம். அக்கா ஊசியையும் நூலையும் அவரிடமே நீட்டி, “இன்னைக்கு நீங்க கோங்க பாப்போம்,” என்றிருக்கிறார். மனிதர் நூலை நக்கி, கண்ணைச் சுருக்கி, எத்தனையோ முறை முயன்றும் நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லையாம்.

“கொண்டாங்க இப்படி. சட்டையக் கழட்டுங்க.”

பட்டன் தைத்து முடியும்வரை அக்கா தம் கையை ஒருமுறைகூடத் தனியாகப் பார்க்கவில்லை. நூலை முடிச்சிட்டுப் பல்லால் கடித்தபிறகுதான் அது நினைவுக்கு வந்ததாம்.