கல் களவெடுத்த பெங்குவின்

மூன்று வருடங்களுக்கு முன், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவன் என் அறை நண்பன். எதிரே புடவைக் கடையில் ஒரு பெண் வேலைக்கு நின்றாள். இருவருக்குமே அவளைப் பிடிக்கும். என்னை "அண்ணை" என்பாள். அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. அதுவே என் வயிற்றெரிச்சலுக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அவன் கைபேசியில் பெங்குவின்களைக் காட்டினான். ஆண் பறவை நல்ல கல்லாகத் தேடி எடுத்து, பெண் பறவையின் முன்னால் வைக்கிறது. கழுத்தை வானத்துக்கு நீட்டிக் கத்துகிறது. பெண் பறவை கல்லை ஏற்றுக்கொண்டால் சோடி சேர்ந்துவிடும்.

பிறகு பொக்கற்றிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான். டியெப் கடற்கரையில் பொறுக்கியதாம்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு மச்சான். நீ குடுத்து, பெங்குவின் கதையையும் சொல்லிவிடன்."

கொடுத்தேன். கதையையும் சொன்னேன். அவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கல்லைக் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று "அண்ணை" என்று சொல்லவில்லை.

அவனோ கடைக் கண்ணாடிக்கு ஊடாகக் கல்லைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். அதைப் பார்த்தும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். பெங்குவின் காணொளியை அவளே தேடிப் பார்த்திருக்கிறாள்.

"இஞ்சை பாருங்கோ, இந்தக் கள்ளனை!"

ஒரு பெங்குவின், பக்கத்துக் கூட்டுக்காரன் திரும்பிய நேரம் பார்த்து அவனுடைய கல்லைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது.

"அந்தக் கல் நான் தந்ததில்லை. என் கூட்டாளி தந்துவிட்டது" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நீங்கள் அவற்றை பேரைச் சொல்லேல்லை எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"முதல்லை போய் அவரிட்டைச் சொல்லுங்கோ, அண்ணை."

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஒன்றுதான் கேட்டான்: "கல்லை அவா இன்னும் வச்சிருக்கிறாவோ?"

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு அவன் கதைக்கவில்லை.

போன வருடம் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள திரான்சியில் அவர்களுக்குக் கல்யாணம். என்னைத்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொன்னான். அவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இப்போதும் உள்ளே கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த எரிச்சல் என்னை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிந்துவிட்டதால், அதன் பேச்சை இப்போது நான் கேட்பதில்லை.