பொலிஸ் காரும் இரண்டு ஸ்நோ ரயரும்

அந்தக் காரை என் கணவர் ஏலத்தில் எடுத்தார். பொலிஸ்காரர் ஓட்டிக் கழித்துவிட்ட கார். கதவில் எழுத்துகளை உரித்தெடுத்த இடம் வெயில் படும்போது மங்கலாகத் தெரியும். எட்டு சிலிண்டர் எஞ்சின், இழுவை முழுக்கப் பின்சில்லுகளில், முன்சக்கரங்களில் இல்லை. ரொறொன்ரோவில் எங்கள் மோர்னிங்சைட் அப்பாட்மென்றின் நிலத்தடித் தரிப்பிடத்தில் கோட்டுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு வேலைக்குப் போய்வர ஒரு சின்னக் கார் வேண்டும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். கேட்டது ஒன்று, வந்து நின்றது வேறொன்று.

“உது மற்றக் காருகள் மாதிரியில்லை. கால் வைச்ச உடன பறக்கும்” என்றார் அவர். நான் பறக்கப் போகவில்லை, கணக்குப் பிரிவில் உட்காரப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவள் நான். இங்கே வந்தபின் வருடக்கணக்காகக் கோழித் தொழிற்சாலையின் குளிரறைக்குள் நின்று இறைச்சித் துண்டங்களைப் பெட்டியில் அடுக்கினேன். விரல் நுனிகள் வீட்டுக்கு வந்த பிறகும் விறைத்தே இருக்கும். வேலை முடிந்து வகுப்புக்குப் போய், இந்த நாட்டுக் கணக்கு முறையைப் படித்து, கடைசியில் மார்க்கத்தில் ஒரு நிறுவனத்தில் எனக்கென்று ஒரு கதிரையும் மேசையும் கிடைத்தன. ஆனால் அந்த மாரிக் குளிர்காலம் முடியும்வரை என்னை வைத்துப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் திரும்பவும் கோழிதான்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். ரொறொன்ரோ பஸ் நகர எல்லையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வேறு பஸ், வேறு ரிக்கெற், அதுவும் தான் நினைத்த நேரத்தில்தான் வரும். ஆகவே அந்தப் பூதத்தை ஓட்டியவள் நான். அவர் இரவு வேலைக்கு நண்பர் ஒருவரின் வான் வண்டியில் போய், விடிய அதே வண்டியில் வருவார். சனி ஞாயிறில், அதுவும் தெரு காய்ந்திருந்தால், கோயிலுக்கும் கடைக்கும் காரை எடுப்பார். ஆனாலும் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் அது அவருடைய கார்.

நவம்பரிலேயே பனி கொட்டியது. தரிப்பிடத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் பாதிவழியில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன, கார் மெல்ல மெல்லப் பின்னுக்கு வழுக்குகிறது. பின்னால் வரிசையாக மற்றக் கார்கள். யாரோ இருவர் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். அன்று அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன். என் மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, பனி எல்லோருக்கும்தான் பெய்கிறது என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அன்று பின்னேரமே கணவரிடம் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, இந்தக் காருக்குப் பனியில வழுக்காத ஸ்நோ ரயர் போட வேணும். நாலு சில்லுக்கும்.”

“பொலிஸ்காரன் உதே ரயரோடதானே கள்ளனைத் துரத்தினவன்?”

“அவன் என்ன ரயர் போட்டவன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஞாயிற்றுக்கிழமை அண்ணையைக் கேப்பம்.”

அண்ணை என்றால் வான் வைத்திருந்த நண்பர். எந்தக் காரியமானாலும் ஞாயிறு பின்னேரம் எங்கள் வரவேற்பறையில் கூட்டம் கூடித்தான் முடிவெடுக்கப்படும். யார் வீட்டுப் பிள்ளையை எந்த வகுப்பில் விடுவது, எந்த வங்கியில் கடன் கேட்பது, இப்போது என் காருக்கு எந்த ரயர். அண்ணை வந்தார். ரூஜ் பகுதியில் புதுவீடு வாங்கியிருந்த இன்னொரு நண்பரும் வந்தார். இருவரும் ஓட்டுவது முன்சில்லு இழுக்கும் வண்டிகள். பின்சில்லு இழுக்கும் காரைப் பனியில் ஓட்டிய ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“இழுக்கிற சில்லு எது?” என்று அண்ணை வழக்கறிஞர் மாதிரித் தொடங்கினார். “பின்சில்லு. அப்ப பின்னுக்கு ரெண்டு ஸ்நோ ரயர் காணும், நாலு வேண்டாம். முன்சில்லு சும்மா திருப்பத்தானே.”

“அண்ணை, திரும்பாட்டில் என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“தங்கச்சி, ஸ்ரியறிங்கைத் திருப்பினால் சில்லு திரும்பும்.”

ரூஜ்காரர் தன் பங்குக்கு இன்னொன்றைச் சொன்னார். எஞ்சினின் பாரம் எல்லாம் முன்னால் இருக்கிறது, பின்பக்கம் பஞ்சுபோலக் கிடக்கிறது, ஆகவே டிக்கிக்குள் பாரம் ஏற்ற வேண்டும். வெள்ளைக்காரர் மாரி காலத்தில் கடையில் மண் மூட்டை வாங்கிப் போடுகிறார்களாம். அதைக் கேட்டதும் என் கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“காசு குடுத்து மண் வாங்கிறதோ? அரிசி மூட்டையைப் போடுவம். பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, வீட்டுக்கு அரிசியும் ஆச்சு.”

மூவரும் தலையை ஆட்டினார்கள். அந்தப் பேச்சில் ஏதோ பிசகு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் முன்சில்லுகளுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நாலும் போடுங்கள், நாலும் போடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, பயந்த பெண்ணுக்குத் தைரியம் சொல்வதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்குத் தேநீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்திருக்கலாம். அதைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டேன்.

அடுத்த கிழமை பின்னால் இரண்டு ஸ்நோ ரயர் ஏறின. ரயர்க் கடைக்காரர்கூட, நாலாகப் போடுவதுதான் நல்லது என்று சொல்லிப் பார்த்தார். என் கணவர் இழுக்கிற சில்லைப் பற்றி அவருக்கே விளக்கம் கொடுத்தார். வரும் வழியில் தமிழ்க்கடையில் நிறுத்திப் புழுங்கலரிசி மூட்டைகளை டிக்கியில் அடுக்கினார். கார் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நியாயத்தைச் சொன்னால், அதன் பிறகு சரிவில் ஏறுவதற்குக் கஷ்டமில்லை. புறப்படும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. புறப்பட்டால் போதுமா? நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். சந்தியில் ஸ்ரியறிங்கை இடப்பக்கம் திருப்புவேன். முன்சில்லுகளும் இடப்பக்கம் திரும்பும். கார் மட்டும் நேரே போகும். தொலைவிலேயே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, பின்னால் வருபவன் ஹோர்ன் அடிக்க அடிக்க, ஊர்ந்து ஊர்ந்து போகப் பழகிக்கொண்டேன். ஆறு மணிக்கே புறப்பட்டேன். அலுவலகத்தில் போய் உட்காரும்போது முதுகு முழுக்க வியர்த்திருக்கும். அந்தக் குளிரிலும் வியர்க்கும்.

“எப்பிடி, கார் இப்ப நல்லா ஓடுதோ?” என்று அவர் கேட்பார்.

“முன்சில்லு தெருவைப் பிடிக்குதில்லை.”

“போகப் போகப் பழகிவிடும்.”

எது பழகும், காரா, நானா என்று அவர் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் காலை. முதல்நாள் உருகிய பனி இறுகி, அதன்மேல் புதுப்பனி தூவியிருந்தது. மார்க்கம் எல்லையைத் தாண்டி ஒரு பெரிய சந்தியில் பச்சை விளக்குக்குத் திரும்பினேன். வழக்கம்போல் முன்பக்கம் சொல்வழி கேட்கவில்லை. சற்றே அக்சிலேற்றரைத் தொட்டேன், அவ்வளவுதான். இந்தமுறை பின்பக்கமும் விட்டுக்கொடுத்தது. கார் வட்டமடித்தது. கடையின் விளம்பரப் பலகை, பஸ் தரிப்பு, பலகை, பஸ் தரிப்பு என்று என் கண்முன்னால் போயின. நின்றபோது நான் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பாரவண்டி, ஓட்டுநரின் முகம் தெரியுமளவுக்குக் கிட்ட வந்து நின்றிருந்தது. அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

காரை ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்பக்கத்துக்கு என்ன நடந்தது என்று பார்க்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே மூட்டை ஒன்றுகூட இல்லை. கம்பளத்தின் மடிப்புகளில் சில அரிசிமணிகள் மட்டும் கிடந்தன.

அன்றும் பிந்தினேன். மேலதிகாரி இந்தமுறை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இனி ஒருமுறை பிந்தினால், வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். என் மேசையில் போய் உட்கார்ந்து, கூட்டிய கணக்கையே திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் நித்திரையால் எழும்பிச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சமையல் அவருடையது.

“டிக்கியில கிடந்த அரிசி எங்கை?”

அவர் அகப்பையும் கையுமாக யோசித்தார்.

“மேல்மாடிக்குப் புதுசா வந்த குடும்பத்துக்கு ஒண்டு குடுத்தனான். பாவங்கள். கோயில் அன்னதானத்துக்கு ஒண்டு. அண்ணை வீட்டை அரிசி முடிஞ்சுதெண்டு சொல்ல அவருக்கு ஒண்டு. மற்றது…”

சட்டியைப் பார்த்தார். மற்றது சட்டிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

“திரும்பக் கடையில வேண்டி வைக்கத்தான் இருந்தனான். மறந்துபோனன்” என்றார்.

என் கார் தெருவில் நிற்பதற்கு வைத்திருந்த பாரத்தைத் தானம் பண்ணியிருக்கிறார், மிச்சத்தை நாங்கள் தின்றிருக்கிறோம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்ல மனசோடு செய்ததற்கு என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கார் சுற்றியதையும், பாரவண்டி நின்ற இடத்தையும், மேலதிகாரி சொன்னதையும்.

“நீர் பயத்தில பிரேக்கைக் கூடுதலாப் பிடிச்சிருப்பீர்” என்றார்.

அதோடு என் பொறுமை போய்விட்டது.

“நாளைக்கு நீங்கள் என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்.”

“அதுக்கென்ன, விடுறன்.”

மறுநாள் வேலையால் வந்த உடுப்போடு சாவியை வாங்கிக்கொண்டார். பனி தூறிக்கொண்டிருந்தது. முதல் சந்திவரை அண்ணையைப் பற்றி ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார். அந்தச் சந்தியில் கார் நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி நடுத்தெருவுக்குப் போய் நின்றது. பகிடி பாதியில் நின்றுவிட்டது. பிறகு மார்க்கம்வரை ஊர்ந்துதான் போனார். இரண்டு கைகளாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் முட்டுமளவுக்குக் குனிந்திருந்தார். குத்திக்காட்டாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

“கவனமாப் போங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் யன்னலால் பார்த்தேன். எங்கள் கார் அலுவலகத் தரிப்பிடத்தின் மூலையில் நின்றது. கூரையில் பனி படிந்திருந்தது, பின்னால் புகை போய்க்கொண்டிருந்தது. என் சாப்பாட்டில் பாதியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

“ஏன் போகேல்லை?”

“ஸ்நோ கொஞ்சம் விடட்டும் எண்டு நிக்கிறன்” என்றார்.

பனி காலையிலேயே விட்டுவிட்டது. வானம் வெளித்து, வெயிலில் கண் கூசியது. இரவு முழுக்க வேலை செய்த மனுசன், கண்கள் சிவந்து, தாடையெல்லாம் விறைத்துப்போய் இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். பாவமாகவும் இருந்தது, கோபம் பற்றிக்கொண்டும் வந்தது.

வேலை முடிந்து வந்தபோது, அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பக்கத்து இருக்கைக்கு மாறி, பெல்ற்றும் போட்டுக்கொண்டு இருந்தார். நான் ஏறிக் காரை எடுத்தேன். வீட்டுப் பக்கம் திருப்பாமல் ரயர்க் கடைக்குப் போகும் தெருவில் விட்டேன். ஒவ்வொரு சந்தியிலும் நான் தொலைவிலேயே பிரேக்கைத் தொடத் தொடங்க, இல்லாத பிரேக் ஒன்றை அவரும் தன் காலால் அமத்திக்கொண்டு வந்தார்.

“ஒவ்வொரு நாளும் உப்பிடித்தானோ வந்துபோனனீர்?” என்று கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“ஓம்” என்றேன். அதைத்தான் நவம்பரில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கத்த வாய் வந்தது. கத்தவில்லை, ஏனென்றால் விளக்கு சிவப்பாகிக்கொண்டிருந்தது, கார் இன்னும் நிற்கவில்லை.